கை மாறும் வளையம்

பூந்தமல்லியில் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. எங்களுக்கு ரயில் என்றால் ஆவடிக்குப் பஸ் ஏறுவதுதான். அதனாலோ என்னவோ, ரயில்வேயின் சின்னச் சாமான்கள்மீது எனக்குத் தனிப் பிரியம். முதலிடம் டோக்கன் வளையத்துக்கு. பெரிய பிரம்பு வளையம், அதில் கோத்த தோல் பை, பைக்குள் ஸ்டேஷன் பெயர் பொறித்த எஃகு உருண்டை. டோக்கன் முறை உள்ள ஒற்றைப் பாதையில் இது கைக்கு வந்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை விடலாம். அங்குள்ள ஸ்டேஷன் மாஸ்டரும் சம்மதித்தால்தான் இங்குள்ள டோக்கன் கருவி உருண்டையை உதிர்க்கும். அது வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது.

நிற்காத வண்டிக்குக் கொடுப்பதுதான் அழகு. ஸ்டேஷன் ஊழியரான பாயின்ட்ஸ்மேன் வளையத்தைச் சற்றே சாய்த்து உயர்த்திப் பிடிப்பார். எஞ்சினிலிருந்து நீளும் கை பழையதை விட்டெறியும்; அது ஜல்லியில் விழுந்து உருள்வதற்குள், புதியது முழங்கையில் மாட்டித் தோள்வரை வழுக்கி ஏறியிருக்கும். பல கைகளின் வியர்வையில் கறுத்து வழவழத்த பிரம்புதான், ஆனாலும் வேகத்தில் பட்டால் சுளீரென்றிருக்கும். ஒளித்து வைத்த பெட்டிகளைத் தேடிப் பிடிக்கும் ஜியோகேச்சிங் ஆடுகிறவர்கள் ரயில் பொம்மை கோத்த எண் வில்லையைப் பெட்டிக்குப் பெட்டி மாற்றி உலகம் சுற்ற விடுகிறார்கள். இந்த உருண்டைக்கோ உலகமே இரண்டு ஸ்டேஷன். அவற்றைத் தாண்டிய அடுத்த பாதைப் பிரிவின் கருவியில் போட்டால் நுழையவே நுழையாது. அதன் அளவே வேறு.