1, 13, 10: ஒரு திருத்தத்தின் பக்க எண்கள்

பத்திரிகைத் திருத்தம்னு பேச்சு வந்தாலே எல்லாரும் சிலாகிக்கிற உதாரணம் ஒன்று உண்டு. விண்வெளியின் வெற்றிடத்தில் ராக்கெட் வேலை செய்யாது, இந்த ராபர்ட் கோடார்டுக்குப் பள்ளிக்கூட இயற்பியல்கூடத் தெரியவில்லை என்று 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்தில் கிண்டலடித்தது. அப்போலோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அந்தத் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் 49 வருஷம். கோடார்டு 1945லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரசிக்கலாம்தான். ஆனால் அந்தத் திருத்தத்தால் பத்திரிகைக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. நஷ்டம் வரும் இடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அதே பத்திரிகையையே எடுத்துக்கொள்வோம்.

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுத் திட்டத்துக்கானவை என்று அமெரிக்க அதிகாரிகளை மேற்கோள் காட்டி ஒரு செய்தி. இடம், முதல் பக்கம். அன்று காலையே துணை அதிபர் டிக் செனி டிவி பேட்டியில் அதைச் சுட்டிக்காட்டினார். அரசுத் தரப்பு கொடுத்த தகவல் பத்திரிகை வழியாகச் சுற்றி வந்து அரசுத் தரப்புக்கே சாட்சி ஆகிவிட்டது.

ஐந்தே நாளில் அந்தக் குழாய்கள் பற்றி உளவு அமைப்புகளுக்குள்ளேயே தகராறு இருப்பது நிருபர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் அச்சில் வந்தது. எங்கே? 13ஆம் பக்கத்தில், ஒரு நீண்ட செய்தியின் அடிவயிற்றில். 2003 மார்ச்சில் போர் தொடங்கிவிட்டது.

2004 மே 26 அன்று ஆசிரியர் குழு ஒரு குறிப்பு வெளியிட்டது. சில செய்திகளைப் போதுமான சந்தேகத்தோடு அணுகவில்லை, பயமுறுத்தும் செய்திகளுக்குப் பெரிய இடம் கொடுத்தோம், அவற்றைக் கேள்வி கேட்ட பின்செய்திகளைச் சில நேரம் உள்ளே புதைத்தோம் என்று ஒப்புக்கொண்டார்கள். யாரும் கேஸ் போட்டு வரவழைத்த மன்னிப்பு இல்லை, தாங்களாகவே எழுதியது. அந்த நேர்மைக்கு மதிப்பு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் புதைத்தோம் என்று ஒத்துக்கொண்ட அந்தக் குறிப்பு வந்தது எந்தப் பக்கத்தில் தெரியுமா? 10ஆம் பக்கத்தில்!

செய்தி 1, சந்தேகம் 13, வருத்தம் 10. இந்த மூன்று எண்ணைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

பெயர், வயது, தேதியில் வரும் தவறு என்றால் மறுநாளே பெட்டி கட்டிப் போட்டுவிடலாம். இது வேற ரகம். அதிகாரிகள் அப்படிச் சொன்னது உண்மைதான். சொன்னதை எவ்வளவு நம்பினார்கள், எவ்வளவு பெரிதாகப் போட்டார்கள் என்பதில்தான் தப்பு. அதை ஒரு வரித் திருத்தத்துக்குள் அடக்க முடியாது. என் தொழில் மொழியில் சொன்னால், ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்லைங்க, டிசைனிலேயே இருக்கும் பக்.

எல்லா யூசருக்கும் போன பக்குக்கான ஃபிக்ஸை நாலு பேருக்கு மட்டும் அனுப்பினால் அதை ஃபிக்ஸ் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். செய்திக்கும் அதே கணக்குதான். பிழையைப் படித்தவர் கண்ணில் திருத்தமும் பட வேண்டும். முதல் பக்கத்தில் செய்த தப்புக்கு முதல் பக்கத்திலேயே பதில் சொல்லணும். இணையத்தில் என்றால் செய்தியின் அடியில் பொடி எழுத்தில் போடாமல், தலைப்புக்குக் கீழேயே போடணும்.

அடுத்த முறை ஒரு திருத்தம் கண்ணில் பட்டால் வாசகத்தை மட்டும் படிக்காதீங்க. மூலச் செய்தி எங்கே வந்தது, இது எங்கே வந்திருக்கிறது என்றும் பாருங்க.