அப்பாவிகளுக்கு மட்டுமா உரிமை?

தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வைத்திருக்கும் எவரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். வழிப்பறியிலோ, பட்டாக்கத்தியோடு வீடியோ போட்டதற்கோ பிடிபட்ட ஓர் இளைஞர். கையில் மாவுக்கட்டு, முகத்தில் பீதி. தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தார், கழிப்பறையில் வழுக்கி விழுந்தார் என்று காவல் நிலையம் சொல்கிறது. அந்தக் கதையை யாரும் நம்புவதில்லை. அடித்துத்தான் உடைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே சிரிக்கிறார்கள், பாராட்டுகிறார்கள், அடுத்த குழுவுக்கு அனுப்புகிறார்கள். நம் மாநிலத்து மனித உரிமை அமைப்புகள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் மக்கள் கல்வியை எடைபோட வேண்டுமென்றால் இந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த அமைப்புகள் சாதித்தவை சிறியவை அல்ல. பாதிக்கப்பட்டவரிடம் போனார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள், செய்தியாளர்களைக் கூட்டினார்கள். கைதட்டுகிறவரிடம் மட்டும் போகவில்லை. என் குறை அதுதான்.

1936இல் நேருவின் முயற்சியில், தாகூரைத் தலைவராகக் கொண்டு இந்தியக் குடிமை உரிமைச் சங்கம் உருவானபோது எதிரே இருந்தது அந்நிய அரசு. நெருக்கடி நிலையின்போது 1976இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய அமைப்பு 1980இல் மக்கள் சிவில் உரிமைக் கழகமாக, அதாவது பி.யூ.சி.எல். ஆக, மறுபடி அமைக்கப்பட்டது. அப்போதும் டெல்லியே இலக்கு. ஆனால் காவல்துறையும் சிறையும் அரசமைப்புச் சட்டப்படி மாநிலத்தின் கையில் இருப்பவை. லாக்கப்பில் விழும் அடி மாநில அரசின் அடி. எனவே மாநிலக் கிளைகள்தான் இந்த இயக்கத்தின் உயிர். 2001இல் உணவு உரிமைக்காக உச்ச நீதிமன்றம் போனது பி.யூ.சி.எல்.லின் ராஜஸ்தான் கிளை. அந்த வழக்கில் பிறந்த இடைக்கால உத்தரவுதான் நாடு முழுக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவைக் கட்டாயமாக்கியது. மாநில அளவில் நடக்கும் வேலைக்கு எவ்வளவு தூரம் கை நீளும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

தமிழ்நாட்டில் இந்த வேலையின் முதன்மையான கருவி உண்மை அறியும் குழு. ஒரு வழக்கறிஞர், ஒரு பேராசிரியர், ஒரு எழுத்தாளர், உள்ளூரில் வழி தெரிந்த ஒருவர். காலைப் பேருந்தில் இறங்கி முதலில் பாதிக்கப்பட்டவர்களின் தெரு. பிறகு அரசு மருத்துவமனை, காவல் நிலையம், மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகம், கோட்டாட்சியர். பெரும்பாலும் அதிகாரி “மீட்டிங்கில்” இருப்பார். சம்பளம் கிடையாது, பயணப்படியும் சொந்தக் காசு. சில நாட்களில் பத்து இருபது பக்க அறிக்கை வரும். சில வேளை அந்த இருபது பக்கம்தான் வரலாற்றில் மிஞ்சும்.

1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகச் சென்ற ஊர்வலத்தின் மீது போலீஸ் பாய்ந்ததில், தாமிரபரணியில் ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். அரசு அமைத்த ஆணையம் பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொல்லிக் கதையை முடித்தது. அவர்களை ஆற்றுக்குள் துரத்தியது யார் என்ற கேள்வி இன்றும் உயிரோடு இருப்பது உண்மை அறியும் குழுக்களாலும் ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படத்தாலும்தான். வீரப்பன் தேடுதலின்போது மலைக் கிராமங்களில் அதிரடிப்படை நடத்திய சித்திரவதைகளை வெளியே கொண்டுவந்ததும் இத்தகைய குழுக்களே. தேசிய மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவை அமைத்தது அதன் பிறகுதான். வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் 1992 ஜூனில் வனத்துறையினரும் போலீஸாரும் நடத்திய கொடுமைக்கு 2011இல்தான் தண்டனை வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அந்தப் போராட்டத்தைக் கடைசிவரை சுமந்தவர்கள் மார்க்சிஸ்ட் கட்சியினரும் மலைவாழ் மக்கள் சங்கமும். முப்பது வருடம் விடாமல் நின்ற அந்தப் பிடிவாதத்தை உரிமை அமைப்புகள் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

இனி குறைகள். உண்மை அறியும் அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதல் அரைப் பக்கம் குழு உறுப்பினர்களின் பெயரும் அமைப்புகளின் பெயரும். அடுத்து சம்பவம், பார்வைகள், பரிந்துரைகள். சி.பி.ஐ. விசாரணை, இழப்பீடு, அரசு வேலை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. இந்தக் கோரிக்கைகள் எல்லாம் நியாயமானவை. ஆனால் இவை அரசை நோக்கிப் பேசுபவை. சாதித் தாக்குதல் என்றால் குழு சேரிக்குப் போகிறது. ஊர்த் தெருவுக்கு மறுதரப்பின் வாக்குமூலம் வாங்க மட்டும், அதுவும் முடிந்தால், போகிறது. அறிக்கை அச்சான பிறகு அதை எடுத்துக்கொண்டு அதே ஊர்த் தெருவுக்குப் போய் நான்கு பேரை உட்காரவைத்துப் படித்துக் காட்டும் பழக்கம் வேர்விடவே இல்லை. சென்னையிலோ மதுரையிலோ பத்திரிகையாளர் சந்திப்பு, மறுநாள் ஒற்றைப் பத்திச் செய்தி, அத்தோடு சரி. ஆபத்து இருக்கிறது, ஆள் இல்லை, காசும் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் மக்கள் கல்வி என்று பேர் வைத்துக்கொண்டு, மாற வேண்டிய மக்களை விட்டுவிடுவது என்ன கல்வி?

இதைவிட ஆழமான குறை, நம் பரப்புரை ‘அப்பாவி’ என்ற ஒற்றைத் தூணில் சாய்ந்து நிற்பது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் கொல்லப்பட்டபோது மாநிலமே கொதித்தது. கடைகள் அடைத்தன, நடிகர்கள் பேசினார்கள், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அப்போது எல்லோரும் அழுத்திச் சொன்னது ஒன்றே: ஊரடங்கில் கொஞ்ச நேரம் கடை திறந்து வைத்திருந்தார்கள் என்பதற்காகவா, இவர்கள் அப்பாவி வியாபாரிகள் ஆயிற்றே! அந்த வாதம் மக்களை அசைத்தது. ஆனால் அதற்குள்ளேயே, அப்பாவி அல்லாதவர்களை அடிக்கலாம் என்ற ஒப்புதல் ஒளிந்திருந்தது. அந்தக் கண்ணீர் காய்வதற்குள் மாவுக்கட்டுப் படங்களுக்கு மறுபடி சிரிக்கத் தொடங்கிவிட்டோம்.

தெலங்கானாவில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவர் வல்லுறவு செய்யப்பட்டு எரிக்கப்பட்டார். கைதான நால்வரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸார் மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் சொன்னது: கொல்லும் நோக்கத்தோடே சுட்டிருக்கிறார்கள், இறந்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். பூத்தூவியவர்களில் எத்தனை பேர் அதற்காக வருத்தப்பட்டிருப்பார்கள்? அந்த நால்வர்தான் குற்றவாளிகளா என்பதை இனி எந்த நீதிமன்றத்தாலும் சொல்ல முடியாது என்பது அந்தப் பெண்ணுக்கும் இழைக்கப்பட்ட அநீதி. இந்தக் கோணத்தில் எடுத்துச் சொல்லியிருந்தால், கோபத்தில் இருந்த பெண்களே காது கொடுத்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

பிடிக்காததை எடுத்துச் சொல்வதற்கு அதே மண்ணில் முன்னுதாரணமும் உண்டு. கணிதப் பேராசிரியராக இருந்த கே. பாலகோபால் ஆந்திரக் குடிமை உரிமை இயக்கத்தில் போலி மோதல் கொலைகளை ஊர் ஊராகப் போய் ஆவணப்படுத்தியவர். நக்சலைட்டுகளின் வன்முறையையும் உரிமை அமைப்பு கேள்வி கேட்க வேண்டும் என்று அவர் எழுதியது தோழர்களுக்குக் கசந்தது. பிரிந்து வந்து 1998இல் மனித உரிமை மேடையைத் தொடங்கினார். தன் பக்கத்து ஆட்களிடமே பிடிக்காததைப் பேசுகிறவர் சொன்னால் எதிர்ப்பக்கமும் காது கொடுக்கும். தமிழ்நாட்டு அமைப்புகளில் அந்தத் துணிவு குறைவு. நமக்கு வேண்டியவர்கள் செய்யும் மீறல் என்றால் அறிக்கை தாமதமாகும், அல்லது வராது.

நீதிமன்ற வேலையும் தனக்கென ஒரு கண்கட்டை வைத்திருக்கிறது. 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம், ஊர் வழக்கில் குண்டர் சட்டம், ஒருவரை விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்க அனுமதிக்கிறது. கள்ளச்சாராயக்காரர்கள், குண்டர்கள் போன்றோருக்காக வந்த சட்டம் மணல், வீடியோ, இணையம் என்று வளர்ந்துகொண்டே போனது. வழக்கறிஞர்கள் ஆட்கொணர்வு மனு போட்டு ஏராளமான உத்தரவுகளை உடைக்கிறார்கள். எதை வைத்து? மனுவைப் பரிசீலிக்கத் தாமதமானது, கொடுத்த நகல் படிக்க முடியாமல் இருந்தது, தமிழாக்கம் தரவில்லை. ஆள் வெளியே வருகிறார், பல மாதம் சிறையில் கழித்த பிறகு. சட்டத்தின் அடிப்படை அநியாயம் பொதுவெளியில் பேசப்படுவதே இல்லை. “குண்டாஸில் தூக்கிட்டாங்க” என்பது இன்றும் ஊரில் நல்ல சேதியாகத்தான் சொல்லப்படுகிறது.

பள்ளிக்கூடத்தில் நடந்த முயற்சி வேறு ரகம், எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. மதுரையை மையமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம் 1997இல் மனித உரிமைக் கல்வியைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கியது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு மூன்றாண்டுப் பாடம், தனிப் பாடநூல், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். பிறகு பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. மோனிஷா பஜாஜ் என்ற ஆய்வாளர் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பிரம்படியை எதிர்த்தும், வகுப்பறைத் தீண்டாமையை எதிர்த்தும், பெண் சிசுக்கொலையைத் தடுக்கவும் பிள்ளைகள் வாய் திறந்ததை அதில் பதிவு செய்திருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெரியவர்களிடம் “இது தப்பு” என்று சொல்லத் துணிவது எந்த நீதிமன்றத் தீர்ப்புக்கும் குறைந்ததல்ல.

ஆனால் அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் அரசுப் பள்ளிகளுக்கு, ஏழைப் பிள்ளைகளுக்கு. வருங்காலத் தாசில்தாரும் நடுவரும் மருத்துவரும் படிக்கும் மெட்ரிக் பள்ளிகளின் வாசலில் அது நின்றுவிட்டது. வெளிநாட்டு நிதியை நம்பி நடந்ததால், நிதி பெறும் அனுமதிக்கு மத்திய அரசு முட்டுக்கட்டை போட்டபோது ஆட்டம் கண்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த பள்ளி மாணவர்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் நீண்ட அறிக்கை தந்தது. வெட்டுப்பட்டவருக்கு உரிமை என்னவென்று சொல்லித் தருவது எளிது. அரிவாள் எடுத்த பையனிடம் யார் பேசினார்கள்?

இதில் கலை செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. பி.யூ.சி.எல். பொறுப்பில் இருந்த வழக்கறிஞர் ச. பாலமுருகன் 2004இல் ‘சோளகர் தொட்டி’ எழுதினார். வீரப்பன் தேடுதலில் வதைபட்டு அறிக்கைகளில் எண்களாகக் கிடந்த சோளகர் பழங்குடியினர் அந்த நாவலில்தான் மனிதர்களாக நம் வீட்டுக்குள் வந்தார்கள். 2021இல் ‘ஜெய் பீம்’ படம் வந்தபோது ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கருத்தரங்குகள் எத்தனை நடத்தியும் வராத பேச்சு அது. ஆனால் அங்கும் அந்தப் பழைய தூண்தான்: அடிபட்டவர் களவு செய்யாதவர். களவு செய்த ஒருவரை நாயகனாக வைத்து, அவரையும் அடிக்கக் கூடாது என்று சொல்ல ஒரு படம் வேண்டும். அதுவரை ‘காக்க காக்க’ போன்ற போலீஸ் படங்கள்தான் நம் பிள்ளைகளுக்குக் குற்றவியல் சட்டம் கற்றுத் தரும்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு உரிமை எழுத்தறிவைப் பரப்புவது 1993ஆம் ஆண்டுச் சட்டமே இட்ட கடமை. டிசம்பர் 10 வந்தால் அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள். அதற்கு மேல் எழுதக் காகிதம் வீண்.

மக்கள் கல்வி யாரிடம் போக வேண்டும் என்பதைச் சாத்தான்குளமே காட்டியது. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த 11 கட்டளைகளைத்தான் நம் துண்டறிக்கைகள் சலிக்காமல் அச்சிடுகின்றன: கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, இன்ன பிற. அங்கே காகிதத்தில் எதற்கும் குறைவில்லை. மருத்துவர் தகுதிச் சான்று தந்தார். நடுவர் ரிமாண்ட் செய்தார். சிறை ஏற்றுக்கொண்டது. கேமரா இருந்தது, பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கதவிலும் ஒரு கையெழுத்து. அவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும், இருவர் உயிரோடு இருந்திருப்பார்கள். துண்டறிக்கை போக வேண்டியது அரசு மருத்துவமனையின் இரவுப் பணி மருத்துவருக்கும், புதிதாகத் தேர்வான நடுவருக்கும்.

காவலருக்கும் போக வேண்டும். அந்த வழக்கில் நடந்ததைச் சொன்னவர் அதே நிலையத்தில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர். காவலருக்குச் சங்கம் கிடையாது. வார விடுப்புக்கே 2021இல் தனி உத்தரவு வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டில் ஆர்டர்லியாகக் காய் நறுக்கும் வேலையை நிறுத்தச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்றம்தான் கண்டிக்க வேண்டியிருந்தது. இவற்றை உரிமை அமைப்புகள் தங்கள் பிரச்சினையாக எடுத்துப் போராடியிருந்தால், காவலர் குடியிருப்பில் ஒரு கூட்டம் போட அவர்களுக்கு இன்று முகம் இருந்திருக்கும். அங்கே பேச வேண்டியவை நிறைய உண்டு: மேலதிகாரி அடிக்கச் சொன்னால் மறுக்கச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது, மறுத்தால் யாரிடம் முறையிடலாம், மறுநாள் வழக்கு வந்தால் கூண்டில் ஏறப்போவது யார், சாட்சி சொன்னால் குடும்பத்துக்கு யார் காவல். பி.யூ.சி.எல். போன்ற அமைப்புகள் அடுத்து அச்சடிக்கும் துண்டறிக்கையில் முதலில் இந்த நான்கும் இருக்கட்டும்.