சாதிலிங்கமும் குழாய் வர்ணமும்

ஓவியத்தின் ஆயுளில் கைத்திறனுக்குப் பாதிப் பங்கென்றால் மீதிப் பாதி பொருளின் தரத்துக்கு உரியது என்பதை, தெஹிவளை கரகம்பிட்டியிலுள்ள சுபோதாராம விகாரையின் சுவரோவியங்களைக் கூர்ந்து நோக்குவோர் எளிதில் உணர்வர். கரையோர இலங்கையின் ஓவிய மரபுக்கு நல்ல சான்றாக நிற்கும் அவ்விகாரையில் சிவப்பும் மஞ்சளும் கதைகளைச் சுமந்து நிற்கின்றன. இம்மரபை வளர்த்த ஓவியர்கள் நம்பியது நிறுவனப் பெயர்களை அன்று, பொருளைப் பற்றித் தமக்கிருந்த அறிவையே.

அவ்வறிவின் பரப்பை, கொழும்பில் 1877ஆம் ஆண்டு பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இடைக்காலச் சிங்களக் கலை குறித்து 1908இல் வெளியிட்ட பெருநூலில் பதிவு செய்துள்ளார். இரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம் ஒளிரும் சிவப்பையும், இரும்புச் சத்துள்ள காவிக்கல் அடங்கிய செம்மையையும், அரிதாரமும் மக்கி மரத்தின் பிசினும் மஞ்சளையும் தந்தன. தூளைச் சுவரோடு பிணைக்க விளாம்பிசின் பயன்பட்டது. நுண்கோட்டுக்குப் புல்லின் கூர்முனைகளைக் கட்டிய தூரிகையும், அகன்ற பரப்புக்குத் தாழை விழுதை நைத்துச் செய்த தூரிகையும் இருந்தன. எது எங்கே கிடைக்கும், எவ்வளவு அரைக்க வேண்டும், எதனோடு எது சேரும் என்பதெல்லாம் ஓவியருக்கே தெரிந்திருந்தமையால், தரத்துக்கு உறுதி சொல்ல இன்னொருவர் தேவைப்படவில்லை.

வர்ணம் குழாயில் அடைபட்டுக் காலி வீதிக் கடைகளுக்கு வந்த பின்னர், அந்த உறுதியைச் சொல்லும் பொறுப்பு நிறுவனத்தின் பெயருக்கு மாறியது. நீர்வர்ணக் குழாயில் இருப்பவை நிறமி எனப்படும் நிறத்தூள், அதைப் பிணைக்கும் கருவேல இனப் பிசின், சில வேளைகளில் அளவைக் கூட்டச் சேர்க்கும் வெண்ணிற நிரப்பி ஆகியவையே. நிறமி மிகுந்தது ஓவியர் தரம். நிரப்பி மிகுந்ததும், விலை உயர்ந்த நிறமிக்குப் பதிலாக மலிவானதைக் கொண்டதும் மாணவர் தரம். பெயருக்குப் பின்னால் ‘ஹியூ’ என்று அச்சிட்டிருந்தால், அது அந்நிறத்தின் சாயலேயன்றி அந்நிறமி அன்று. ஒரே நிறுவனம் இரு தரங்களையும் விற்பதால், பெயரை மட்டும் பார்த்து வாங்குவது போதாது. குழாயின் பக்கத்தில் சிற்றெழுத்தில் உள்ள நிறமிக் குறியீட்டையும் ஒளித்தாங்கு தரத்தையும் படித்தாக வேண்டும். மக்கி மஞ்சள் மங்கிய ஒளியுள்ள கருவறையில் நெடுங்காலம் நிலைக்கலாம். வெயில் படும் வரவேற்பறைச் சுவரிலோ அது வெளிறிவிடும்.

பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லாத இடங்களும் உண்டு. மஞ்சட்காவி, செங்காவி முதலான மண்வர்ணங்கள் இரும்பு ஒட்சைட்டால் ஆனவையாதலால் இயல்பிலேயே மலிவானவை, ஒளியையும் தாங்குபவை. 1931இல் பம்பாயில் தொடங்கிய கேம்லின் போன்ற நிறுவனங்களின் மலிவான வர்ணங்களிலும் அவை பெரிதும் குறைபடுவதில்லை. கோபால்ட் நீலம், காட்மியம் சிவப்பு ஆகியவற்றில்தான் விலை வேறுபாடு உண்மையான தர வேறுபாடாகிறது.

எனினும் முதற்செலவுக்கு உரியது வர்ணம் அன்று, கடதாசியே. மரக்கூழில் செய்த மெல்லிய கடதாசியில் ஈரத் தூரிகை பட்டதும் அது நெளிகிறது, வர்ணம் திட்டுத்திட்டாக உறிஞ்சப்படுகிறது, இரண்டாம் முறை தீட்டினால் மேற்பரப்பு நாராக உரிகிறது. சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் கடதாசியிலோ அதே வர்ணம் பரந்து, விளிம்பு மெல்லக் கரைந்து, காய்ந்த பின்னும் ஒளியோடு நிற்கிறது. கடற்காற்றின் ஈரம் ஓயாத தெஹிவளை, வெள்ளவத்தைக் கரையில், பசையூட்டம் குறைந்த கடதாசியில் பழுப்புப் புள்ளிகளும் பூஞ்சணமும் விரைவில் தோன்றுவதால் இத்தேர்வு மேலும் முக்கியமாகிறது. அடுத்த இடம் தூரிகைக்கு உரியது: நிறைய நீரை ஏந்தியும் நனைந்தவுடன் ஒரே முனையாகக் கூடும் தூரிகை ஒன்று, முனை பிளக்கும் பத்துத் தூரிகைகளின் வேலையைச் செய்யும்.

சித்திரப் பாடம் பயிலும் மாணவர் மாணவர் தர வர்ணத்தில் பழகுவது முற்றிலும் தகும். ஆனால் அவருக்கும் நல்ல கடதாசி ஒரு தாளேனும் கிடைக்க வேண்டும், ஏனெனில் பொருளின் குறையைத் தன் கையின் குறையென எண்ணிச் சோர்ந்துபோகும் இளங்கலைஞரின் இழப்பு, மிச்சப்படும் பணத்தைவிடப் பெரியது. நிறுவனத்தின் பெயர் ஒரு வாக்குறுதி மட்டுமே. அதைச் சோதித்தறியும் கண்ணை, மரபு ஓவியர்களைப் போல வாங்குபவரே பயின்று பெற வேண்டும்.