பாண்டியன் நீதியும் ஆயிரம் பொற்கொல்லரும்

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும்போது, பாண்டியன் நெடுஞ்செழியனுக்காக நாம் மாணவரைக் கண்கலங்க வைத்துவிடுகின்றோம். தன் தீர்ப்புப் பிழையென அறிந்த கணத்திலேயே உயிர்துறந்தவன் அல்லவா! ஆனால் வழக்குரை காதையில் உருகும் நாம், அதற்கு முன்னுள்ள கொலைக்களக் காதையை நிதானமாகப் படிப்பது அரிது.

அங்கே விசாரணை என்பதே இல்லை. ஊடிய தேவியை நாடி விரைந்துகொண்டிருந்த மன்னன், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, வழியிலேயே கொலைத்தண்டனை விதிக்கின்றான். குற்றஞ்சாட்டப்பட்டவனை அவன் பார்க்கவுமில்லை. கொல்லப் போன காவலருக்கே ஐயம் பிறக்கின்றது. இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்கின்றனர். பொற்கொல்லனோ களவு நூலின் நுணுக்கங்களை விரித்துரைத்து அவர்கள் வாயை அடைக்கின்றான். பேச்சு ஓயுமுன் கல்லாக் களிமகன் ஒருவனின் வாள் இறங்கிவிடுகின்றது. சிலம்பினுள் இருப்பது மாணிக்கமா, முத்தா என்னும் எளிய சோதனை கோவலன் பிணமான பின்னரே நிகழ்கின்றது.

இதற்குக் காவியம் தரும் காரணம் ஊழ்வினை. முற்பிறப்பிலே கலிங்க நாட்டிற் பரதனாயிருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனென்று காட்டிக் கொல்வித்தானாம். முறையற்ற அரசாணையைத் தட்டிக்கேட்ட கண்ணகியின் குரல் இவ்விளக்கத்தினால் மழுங்கிப்போகின்றது என்பதே நமது கருத்து.

பாண்டியர் நீதிக்குச் சான்றாக மதுராபதித் தெய்வம் கூறும் கதையும் நோக்கத்தக்கது. புதையல் கவர்ந்தான் என்ற பொய்ப்பழியிலே வார்த்திகன் என்னும் அந்தணன் சிறைப்படுகின்றான். உண்மை தெரிந்ததும் மன்னன் அவனை வணங்கி, திருத்தங்கால், வயலூர் என்னும் இரண்டு ஊர்களை வழங்குகின்றான். வணிகனுக்கு வாள், அந்தணனுக்கு இழப்பீடாக இரண்டு ஊர்!

உழைப்பாளருக்கு நேர்ந்ததோ இன்னும் கொடிது. கண்ணகியின் சினம் தணிய, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். பொய்யுரைத்தவன் ஒருவன், அவன் தொழிலைச் செய்த குற்றத்துக்காக மாண்டோர் ஆயிரவர். அதன்பின் நாட்டில் மழை பெய்தது என்று காவியம் அமைதியுறுகின்றது. இவ்வரிகளை நாம் தேர்வு வினாவாகக் கொடுப்பதேயில்லை.

மணிமேகலையிற் காற்று வேறு திசையிலே வீசுகின்றது. சிறையிலுள்ளோரின் பசி தீர்த்த மணிமேகலை, சோழனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்குகின்றாள். தண்டனையையே வேறு கண்ணால் நோக்கிய துணிவு அது. ஆயினும் உதயகுமரன் கொலையுண்டபோது அதே சோழன் ஆணையால் காவலில் வைக்கப்பட்டவளும் அவளே.