அலுமினியத்தில் டேப்பர் மரை: டேப்பா, மில்லிங்கா?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்கள் வரை போய் போர் போடுகின்றன. நாமக்கல் லாரிகளும் கேஸ் டேங்கர்களும் ஓடாத நெடுஞ்சாலை குறைவு. காற்றும் ஹைட்ராலிக் எண்ணெயும் அழுத்தத்தில் ஓடும் இடமெல்லாம் குழாய் மரை உண்டு. பிளாக் அலுமினியமாக இருந்தால் அந்த மரை எடுப்பது தனிப் பாடு. எருமப்பட்டி மாதிரி ஊரில் ஒரே ஒரு விஎம்சியை வைத்து ஜாப் வேலை எடுப்பவர் இதை டேப் போட்டு முடிப்பதா, திரெட் மில் வாங்குவதா? டேப் மலிவு, மில்லிங் செலவு என்பதுதான் பொதுவான பதில். அந்தப் பதில் பாதிதான் சரி.

டேப்பர் குழாய் மரையின் சரிவு 1:16. பதினாறு மில்லிமீட்டர் உள்ளே போனால் விட்டம் ஒரு மில்லிமீட்டர் குறையும். சாதாரண நேர் மரையில் டேப்பின் முனையிலுள்ள சில பற்கள் மட்டுமே வெட்டும். பின்னால் வருபவை வழிகாட்டும். டேப்பர் டேப்பில் அப்படி இல்லை. இறங்க இறங்க எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் வெட்டுகின்றன, கடைசிச் சுற்றில் சுமை உச்சத்துக்குப் போகிறது. நின்று திரும்பும்போது ஒவ்வொரு பல்லின் முனையிலும் ஒரு சில்லு இன்னும் வேரோடு ஒட்டியிருக்கும். வார்ப்பிரும்பு என்றால் அது உடைந்து உதிரும். 6061 போன்ற அலுமினியம் பல்லில் ஈஷிக்கொண்டு, திரும்பும் வழியில் மரையைக் கிழித்துவிடும். சிலிக்கான் கூடிய எல்எம்6 வார்ப்பில் டேப்பின் முனையும் சீக்கிரம் மழுங்கும்.

ஆனாலும் டேப் மீது சொல்லப்படும் எல்லாக் குற்றமும் நிற்காது. அளவு தவறும் என்கிறார்கள். 1/4 அங்குல என்பிடி (அமெரிக்க வழி டேப்பர் குழாய் மரை) மரையில் ஒரு சுற்று 1.411 மிமீ, பிளக் கேஜ் ஒரு சுற்று மேலே நின்றாலும் கீழே நின்றாலும் பாஸ். ஆழத்தில் இவ்வளவு தாராளம் இருக்கும்போது, ரிஜிட் டேப்பிங் உள்ள எந்த மெஷினும் அதற்குள் நிற்கும். டேப் நின்ற இடத்தில் விழும் கோடு வழியாகக் காற்று கசியும் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஒரு சுற்றுக்கு ஆரம் 0.044 மிமீ மாறுகிறது; நாலு காடி டேப் என்றால் அந்தப் படி 0.011 மிமீ. டெஃப்லான் நாடாவோ சீலன்ட்டோ அதை அடைத்துவிடும். சாதாரண என்பிடி மரை சீலன்ட் இல்லாமல் அடைபடும்படி வடிவமைக்கப்பட்டதே இல்லை. உலர்ந்தே அடைபட வேண்டிய என்பிடிஎஃப் மரைக்குத்தான் இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும்.

எனவே டேப்பின் உண்மையான குறை சுமையும் ஒட்டலும்தான். 1:16 டேப்பர் ரீமர் ஓட்டிவிட்டு டேப் போட்டால் சுமை நன்றாக இறங்கும். நேர் ஓட்டையில் நேரடியாக டேப்பை இறக்கிவிட்டு டேப்பைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் ஒரு அங்குல மரைக்குப் போனால், ரீமர் ஓட்டிய பிறகும் சின்ன விஎம்சியின் ஸ்பிண்டில் திணறும். நடுவில் கரண்ட் போனால் டேப் ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பாதி வேலை முடிந்த பிளாக்கில் டேப் முறிந்தால் அதுவரை போட்ட உழைப்பும் கூடவே போகும்.

திரெட் மில் ஓட்டையைவிடச் சின்னது, உடைந்தாலும் எடுத்துவிடலாம். சில்லு பொடியாக வரும். ஒரே கட்டரில் இரண்டு அளவு முடியும்: என்பிடியில் 1/4, 3/8 இரண்டுக்கும் அங்குலத்துக்கு 18 மரை, 1/2, 3/4 இரண்டுக்கும் 14. மரை இறுக்கமாக வந்தால் ஆஃப்செட்டை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு மாற்றினால் போதும். விலையை ஒப்பிடுபவர்கள் இதையெல்லாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிபந்தனைகளும் உண்டு. பல பல் கட்டர் என்றால் அதுவே டேப்பர் வடிவில் இருக்க வேண்டும்; நேர் கட்டரைச் சரிவில் ஓட்டினால் மரை படிக்கட்டாக வரும். அடியிலிருந்து மேலே, ஜி03-இல் ஓட்ட வேண்டும். மேலே ஏறும்போதே, அங்குலத்துக்கு 18 மரை என்றால், ஒரு சுற்றுக்கு ஆரம் 0.044 மிமீ கூட வேண்டும். தொடக்க ஆரமும் முடிவு ஆரமும் வேறாக இருந்தால் சில கன்ட்ரோலர்கள் அலாரம் காட்டும்; அப்போது சுற்றைச் சின்னத் துண்டுகளாக உடைத்து எழுத வேண்டும். கட்டருக்கு அலுமினியம் கலந்த பூச்சு வேண்டாம். பளபளப்பான, பூச்சில்லாத கார்பைடே மேல்.

டேப்போ மில்லோ, இரண்டாலும் காப்பாற்ற முடியாத தவறு ஒன்று உண்டு. நம் ஜி.ஐ. குழாய் மரை பிஎஸ்பிடி, கோணம் 55 டிகிரி. அமெரிக்க வழி வந்த உறுப்புகளில் என்பிடி, 60 டிகிரி. 1/2, 3/4 அளவுகளில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஒன்று மற்றொன்றில் ஏறும், இறுகும், பிறகு கசியும். வரைபடத்தில் "1/2 குழாய் மரை" என்று மட்டும் இருந்தால் வேலையைத் தொடக் கூடாது.

என் தீர்ப்பு இது. விலை கூடிய பிளாக், 1/4 அங்குலமும் அதற்கு மேலும், சின்ன எண்ணிக்கை என்றால் டேப்பர் திரெட் மில். 1/8 அங்குலத்துக்கும், ஆயிரக்கணக்கில் வரும் வார்ப்பு வேலைக்கும் ரீமரும் டேப்பும். மூன்றாவது வழி, டேப்பர் மரையையே தவிர்ப்பது, இந்த இரண்டையும் விட மேலானது. டேப்பர் மரை ஆப்பு மாதிரி இறங்குகிறது; 1/4 அங்குல மரையில்கூட, கையால் இறுகிய பிறகு ஸ்பேனரில் மூன்று சுற்று இறுக்கினால் விட்டத்தில் கால் மில்லிமீட்டருக்கு மேல் திணிப்பு. அலுமினியத்தின் விறைப்பு எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எஃகு ஃபிட்டிங்கைத் திணித்தால் விரிவது பிளாக். சுவர் மெலிந்திருந்தால் வெடிப்பதும் அதுவே. கழற்றிக் கழற்றி மாட்டும் இடத்தில் மரை சீக்கிரம் போய்விடும். வரைபடத்தை மாற்றும் உரிமை உங்களுக்கு இருந்தால், பிஎஸ்பி நேர் மரை எடுத்து முகத்தில் பாண்டட் வாஷர் போடுங்கள்; உரிமை வாடிக்கையாளரிடம் இருந்தால், கொட்டேஷன் கொடுக்கும்போதே அவரிடம் கேளுங்கள்.