கப்பற் செலவினர் கண்ட தீவு

செலவு நூல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வர் ஒருசாரார்; பொழுதுபோக்கு எனத் தள்ளுவர் மற்றொருசாரார். ஒரே நூல் இவ்விரு கொள்கைக்கும் இடந்தருதல் கூடும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன் 1869 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி இன்னொசண்ட்சு அப்ராடு’ அத்தகைய நூல்களுள் ஒன்று. அதன் ஐந்தாம், ஆறாம் இயல்கள் அசோர்சுத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பயால் தீவில் கப்பற் செலவினர் இறங்கிக் கண்டவற்றைக் கூறுகின்றன. அவ்விரண்டு இயல்களையே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ‘செலவு’ என்னும் சொல்லைப் பயணம் என்ற பழம்பொருளில் ஆள்கின்றோம். பணச்செலவு பற்றியும் பேச நேருமாகலின் இதனை முன்னரே கூறிவைத்தல் நலம்.

‘குவேக்கர் சிட்டி’ என்னும் அக்கப்பல் உள்நாட்டுப் போரில் அமெரிக்கக் கடற்படையிற் பணிபுரிந்த நீராவிக் கப்பல். 1867 சூன் 8 ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, கடல் கொந்தளித்தமையால் கரையை அடுத்தே நங்கூரமிட்டு நின்று, 10 ஆம் நாள் பெருங்கடலுட் புகுந்தது. ஐரோப்பாவையும் பாலத்தீனத்தையும் கண்டு மீளும் இன்பச் செலவு என்று அஃது அறிவிக்கப்பட்டிருந்தது. கட்டணம் ஆளொன்றுக்கு 1,250 டாலர். டுவைனுக்காக அதனைச் செலுத்தியது சான்பிரான்சிசுக்கோவின் ‘ஆல்ட்டா கலிபோர்னியா’ நாளிதழ். அதற்கு ஈடாக அவர் கடிதங்கள் எழுதி விடுத்தார். பயணியருள் மேரி மேசன் பேர்பேங்கு அம்மையார் கிளீவ்லாந்து நகரத்து இதழொன்றுக்கு எழுதினார். எமிலி செவரன்சு அம்மையார் இல்லத்தார்க்கு எழுதிய நாட்குறிப்புக் கடிதங்கள் 1938 இல் நூலாயின. எழுதுகோலுடன் ஏறினோர் பலர் என்பது இவற்றாற் பெறப்படும்.

அவர்கள் எழுதியது யாது? முதற் சில நாட்களில் இரவுதோறும் இருபது முப்பது பேர் கப்பலின் உணவுக்கூடத்தில் ஆடும் விளக்குகளின்கீழ் அமர்ந்து இரண்டு மூன்று மணிநேரம் நாட்குறிப்பு எழுதினர் என்று டுவைன் கூறுகின்றார். இளைஞன் ஒருவன் கப்பல் நின்ற அகலாங்கு நெட்டாங்குகளையும், ஒரு நாளில் ஓடிய தொலைவையும், தான் ஆட்டத்தில் வென்றவற்றையும், கண்ட திமிங்கிலங்களையும் விடாது குறித்தான். நாள் செல்லச் செல்ல நாட்குறிப்புக்கள் நின்றுபோயின. நகைப்புக்காக எழுதப்பட்டதாயினும் இப்பகுதியை யாம் பெரிதும் மதிக்கின்றோம். நிலத்தைக் காணுமுன்னரே செலவினர் ஏடு நிரம்பிவிடுகின்றது. அதில் நிரம்பியிருப்பது கப்பல். தீவு பின்னர்த்தான் வருகின்றது. வரும்போதும் கப்பலின் கண்ணோடேயே காணப்படுகின்றது.

21 ஆம் நாள் வைகறை மூன்று மணிக்குத் தீவுகள் தோன்றுவதாகக் கூறிப் பயணியரை எழுப்பினர். சான் மிகேல் தீவுக்குச் செல்லக் கருதியிருந்த கப்பல், நண்பகலிற் புயல் மிகவே, அண்மையிலிருந்த பயாலை நோக்கித் திரும்பி ஓர்த்தாத் துறையில் நின்றது. ஆதலின் பயாலைக் காணவேண்டும் என்று யாரும் வந்தாரல்லர். கப்பலில் இருந்தோருள் ஒருவரேனும் அத்தீவுகளைப் பற்றி யாதும் அறியார் என்று டுவைனே ஒப்புகின்றார்.

இனி, ஐந்தாம் இயலில் வரும் விருந்தைக் காண்போம். புளூச்சர் என்று ஆசிரியர் பெயரிட்டழைக்கும் பயணி, பயாலில் எல்லாம் மலிவு என்று கேள்வியுற்று, ஒன்பதின்மரை அழைத்து ஊரின் முதன்மையான விடுதியில் விருந்து செய்தான். கணக்கு வந்தது. பத்துப் பேர் உணவு, ஆளுக்கு 600 வீதம் 6,000 ரெயிசு. சுருட்டு இருபத்தைந்து, 2,500. மது பதினொரு குப்பி, குப்பிக்கு 1,200 வீதம் 13,200. ஆக 21,700 ரெயிசு. புளூச்சர் நடுங்கிப் போனான். நண்பர் முகங்கள் வெளிறின. 150 டாலரை எடுத்து வைத்து, இதற்குமேல் ஒரு காசும் தாரேன் என்று அவன் சூளுரைத்தான். விடுதிக்காரர் அப்பொற்காசுகளைப் பலமுறை நோக்கிவிட்டு வெளியே சென்றார். அமெரிக்கர் ஒருவரைக் கண்டிருத்தல் வேண்டும் என்பது ஆசிரியர் ஊகம். திரும்பி வந்து டாலரில் எழுதிய கணக்கைக் காட்டினார். ஆயிரம் ரெயிசு ஒரு டாலர். மொத்தம் 21 டாலர் 70 செண்டு. அனைவரும் உயிர்த்தனர்.

யாமும் இப்பகுதியை வகுப்பறையிற் பல ஆண்டு நகைத்துக்கொண்டே பயிற்றி வந்தோம். அடுத்த இயலோடு இதனை ஒட்டவைத்து நோக்கவேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலம் எமக்குத் தோன்றவில்லை.

ஆறாம் இயலில் ஆசிரியர் அசோர்சைப் பற்றிய செய்திகளைத் தருவதாகக் கூறி எழுதுகின்றார். அம்மக்கள் மெத்தனமானவர், வறியர், சோம்பர் என்பது அவர் தீர்ப்பு. பொய் கூறுவர், வந்தவரை ஏமாற்றுவர் என்றும் சேர்த்துரைக்கின்றார். ஒரு பக்கத்துக்கு முன்னர் 150 டாலர் கைக்கெட்டும் தொலைவிற் கிடக்க, அதை விடுத்து 21 டாலர் 70 செண்டே உரியது எனக் காட்டிய விடுதிக்காரர் யார்? அவரும் ஓர்த்தா ஊரினர்தாமே! இம்முரணை ஆசிரியர் கண்டதற்கான குறி ஒன்றும் நூலில் இல்லை.

முரண் இதனொடு நிற்கவில்லை. சோம்பர் என்று கூறிய அதே இயலில், நிலத்தில் ஏறத்தாழ ஓர் அடியும் விடாமற் பயிரிடப்பட்டிருப்பதையும், ஆண்டுக்கு இருபோகம் முப்போகம் விளைவதையும் குறிக்கின்றார். எரிமலைக் கல் பாவிய தெருக்களைப் புகழ்கின்றார். நியூயார்க்கு புதுமையெனப் பேசும் தளவரிசையை இத்தீவினர் இருநூறு ஆண்டாகப் பயன்படுத்துவதாக வியக்கின்றார். சாலையின் இருமருங்கும் எழுப்பிய சுவர்கள் ஆயிரம் ஆண்டு நிற்கும் என்பது அவர் மதிப்பு. கப்பலிலிருந்து நோக்கியபொழுது வயல்களைப் பகுக்கும் கல்வரிசைகள் சதுரங்கப் பலகையாகத் தோன்றின. அவை கடுங்காற்றிலிருந்து பயிரைக் காப்பன என்பதும் அவர் அறிந்ததே. கல்லைப் பெயர்த்தவர், சுமந்தவர், அடுக்கியவர் யாவர் என்ற வினா மட்டும் எழவில்லை. சுவர் காட்சியாயிற்று, அதனைக் கட்டிய கை கண்ணிற் படவில்லை.

வறுமைக்குக் காரணமும் அவர் எழுத்திலேயே உளது. முன்னர் இத்தீவுகளில் நல்ல திராட்சை விளைந்தது, சிறந்த மது ஏற்றுமதியாயிற்று, பதினைந்து ஆண்டுக்கு முன் நோயொன்று கொடிகளை அழித்துவிட்டது, அதன்பின் மது வடிக்கப்படவில்லை என்கின்றார். செய்தி மெய்யே. 1852 முதல் ஓய்டியம் என்னும் பூஞ்சை நோய் அசோர்சின் திராட்சைத் தோட்டங்களைப் பாழ்படுத்தியது. பயாலுக்கு எதிரேயுள்ள பீக்கோத் தீவு பெரிதும் இழந்தது. அங்கே கொடிகளைக் காக்கக் கட்டிய கற்சுவர்ப் பாத்திகள் 2004 இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றன. வாழ்வுக்கு முதலாயிருந்த பயிர் மடிந்த ஊரை ஒருவர் காண்கின்றார். மடிந்த செய்தியை எழுதுகின்றார். வறுமையைச் சோம்பலின் மேல் ஏற்றுகின்றார். இரண்டும் ஒரே இயலில் உள்ளன. இவற்றை இணைக்கும் தொடர் ஒன்று இல்லை.

உழைப்பாளிக்கு நாட்கூலி 20 முதல் 24 செண்டு என்பதும் அவ்வியலிற் கண்ட கணக்கு. இதனை விருந்துக் கணக்கோடு வைத்துப் பார்த்தோம். விருந்தின் மொத்தம் ஓர் உழைப்பாளியின் தொண்ணூறு நாட் கூலிக்கு மேற்பட்டது. மது ஒரு குப்பியின் விலை இரண்டு பேர் உணவின் விலை. ஐந்து அல்லது ஆறு நாட் கூலி. மது வடித்தல் நின்றுபோன தீவில் மது விலையேறியிருந்தமை வியப்பன்று. பதினொரு குப்பியைத் தீர்த்தவர்கள் இதனை நினைந்திலர். மலிவு என்று விருந்து தொடங்கிற்று, மலிவு என்றே முடிந்தது.

டுவைன் நகைச்சுவையாசிரியர், அவர் சொற்களை நிறுத்துப் பார்த்தல் முறையோ என்று வினவுவாருளர். நூற்பெயரே பயணியரை வெகுளிகள் என்று எள்ளுகின்றது என்பதும் அவர்தம் வாதம். இதிற் பாதி உண்மை உண்டு. தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நிலைக்களன்களுள் எள்ளலும் உண்டு, பேதைமையும் உண்டு. விருந்துக் காட்சியில் நகை பேதைமை பற்றிப் பிறக்கின்றது, பேதையர் பயணியரே. நாணயத்தின் மதிப்பறியாது அலறும் தம் கூட்டத்தைத் தாமும் உள்ளிட்டு ஆசிரியர் காட்டுகின்றார். அதனாலேதான் அக்காட்சி இன்றும் வாடவில்லை. ஆறாம் இயலிலோ நகை எள்ளல் பற்றியது, எள்ளப்படுவார் தீவினர். பேதைப் பயணியின் முகமூடி அங்கே கழற்றப்பட்டு, செய்தி கூறுவோனின் குரல் ஒலிக்கின்றது. ஒன்றற்குரிய மன்னிப்பை மற்றொன்றற்கு வழங்க யாம் உடன்படோம்.

இங்கு யாரும் வருவதில்லை, யாரும் போவதில்லை என்று அவர் எழுதியதும் அக்குரலிலேயே. ஓர்த்தா அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்து தங்கும் துறை. டாப்னி குடும்பத்தார் 1806 முதல் 1892 வரை அங்கே அமெரிக்கத் தூதராக இருந்தனர். அத்தீவுகளின் இளைஞர் வேட்டைக் கப்பல்களிலேறி மாசச்சூசெட்சின் நியூபெட்போர்டு முதலிய ஊர்களிற் குடியேறினர். 1957-58 இல் பயாலின் மேற்கு முனையில் எரிமலை வெடித்தபொழுது, அத்தீவினர் அமெரிக்காவிற் குடிபுக 1958 இல் அந்நாடு தனிச்சட்டமே இயற்றியது. வருவோரும் போவோரும் நிறைந்த துறையில், இரண்டொரு நாள் நின்ற கப்பலார்க்கு ஒருவரும் தென்படவில்லை.

தங்கிய நாள் குறைவு என்பதே குறைக்குக் காரணம் என்று முடித்தல் எளிது. யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். அதற்குத் தடையாக நிற்பது பெர்முடா. குவேக்கர் சிட்டி மீளும்போது 1867 நவம்பரில் அத்தீவைத் தொட்டது. நூல் அதனைச் சில வரிகளிற் கடந்துவிடுகின்றது. 1877 மே மாதத்தில் டுவைன் தம் நண்பர் சோசப்பு டுவிச்செல் என்னும் சமயகுருவுடன் மீண்டும் அங்குச் சென்றார். அப்போதும் தங்கியது நான்கு நாள் அளவே. ‘அட்லாண்டிக்கு மந்த்லி’ இதழில் 1877 அக்டோபர் முதல் நான்கு பகுதியாக அவர் எழுதிய கட்டுரையில் தீவு வேறு வகையாகத் தோன்றுகின்றது. வெண்ணிற வீடுகளைக் கண்டவர், அவற்றுக்குரிய பவளக் கல்லை நிலத்திலிருந்து எவ்வாறு வெட்டியெடுக்கின்றனர் என்று கேட்டறிந்து எழுதுகின்றார். ஓர்த்தாவின் சுவரைக் குறித்து எழாத வினா இங்கே எழுந்துவிட்டது. பெருங்கூட்டமாகக் கழுதைகளிலேறி ஊரைச் சுற்றியது முன்னைய காட்சி. ஒரு நண்பரோடு காலால் நடந்தது பின்னையது. வேறுபாட்டுக்கு இது காரணமாகலாம்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. பெர்முடா ஆங்கில மொழி வழங்கும் தீவு; பயால் போர்த்துக்கீசியர் தீவு, கத்தோலிக்கர் தீவு. தன் மொழியில் விடை கிடைக்கும் இடத்தில்தான் வினா எழும்போலும். பத்தாண்டில் டுவைனின் கண் முதிர்ந்ததா, அன்றிக் காணப்பட்டவர் இனத்தால் நெருங்கியவராயினரா என்பதனை இவ்விரு எழுத்துக்களை மட்டும் கொண்டு அறுதியிடல் இயலாது. ஆல்ட்டா இதழிற் போந்த மூலக் கடிதங்களை நூலொடு வரிவரியாக ஒப்பிட்டு, ஆறாம் இயலின் தீர்ப்புகளுள் எவை ஓர்த்தாவில் எழுதப்பட்டவை, எவை பின்னர் நூலுக்கெனச் சேர்க்கப்பட்டவை என்று பிரித்தறிதல் அடுத்து நிகழவேண்டிய ஆய்வு.