சாப்ளின் ஏரிக்கரை

கனடாவின் சஸ்காட்செவன் புல்வெளியில், வெள்ளை உப்புக் குவியல்களைப் பார்த்தபடி கார்கள் நிற்காமல் கடந்துபோகும் சிற்றூர் சாப்ளின். மே மாதக் கடைசியில் அங்கே இறங்கிப் பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் உப்புப் பொருக்கு. மிதித்தால் மெல்ல நொறுங்கும், அடியில் குழைந்த சேறு. அதன்மேல் உள்ளான்கள் கூட்டமாக ஓடுகின்றன. தையல் மெஷின் ஊசிபோல அலகு இறங்கி ஏறுகிறது. மாட்டுவதெல்லாம் உப்புநீர் இறாலும் ஈப்புழுவும்தான். ஆர்க்டிக்வரை பறப்பதற்கான கொழுப்பு இந்தப் பொடித் தீனியிலேயே சேர்ந்துவிடுகிறது.

கோணமூக்கு உள்ளானுக்கு இந்த ஓட்டமெல்லாம் கிடையாது. மேல்நோக்கி வளைந்த மெல்லிய அலகை நீரில் வைத்து, இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும். என் ஓட்டு இதற்குத்தான். அவ்வளவு நிதானம்! கூட்டுப் பக்கம் யாராவது போனால் மட்டும் ‘க்ளீட், க்ளீட்’ என்று கத்தித் தீர்த்துவிடும்.